மறுநாட்காலைக் குப்பையிலிருந்து தொடங்குதல்: யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் விசேடங்களுக்கும் ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வீட்டில் நடந்த சாமத்திய (பூப்புநீராட்டு) சடங்கின் மறுநாட்காலை, பின்வளவில் குவிந்து கிடந்தவற்றை நான் நின்று பார்த்தேன். பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள், குழம்பு காய்ந்து ஒட்டிய, லஞ்ச் சீற் எனப்படும் பொலித்தீன் தாள்கள், பிள்ளையின் பெயரை வெட்டி ஒட்டிய ரெஜிபோம் (நுரைப்பலகை) எழுத்துகள், ஒரே நாள் தொங்கிய பிளாஸ்ரிக் மாலைகள், கிடாரத்தில் முக்காற்பங்கு புளித்துப்போன சோறு ஆகியவை அங்கே கிடந்தன. அயல்வீட்டுப் பசு வேலிக்குள்ளால் தலையை நீட்டி ஒரு லஞ்ச் சீற்றை மென்றுகொண்டிருந்தது. மாலையில் அந்தக் குவியலுக்கு நாங்களே நெருப்பு வைத்தோம். புகை அடுத்த வளவுக் கொடியில் காய்ந்த துணிகளிற் போய்ப் படிந்தது. சோற்றைப் புதைத்த கிடங்கை மூன்றாம் நாள் நாய்கள் கிண்டின.

அன்றிலிருந்து எந்த விசேடத்தையும் நாங்கள் திட்டமிடும்போது, அழைப்பிதழிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ தொடங்குவதில்லை. மறுநாட்காலை வளவில் என்னென்ன கிடக்கும் என்று முதலில் ஒரு கொப்பியில் எழுதி, அவற்றில் எவை வராமற் செய்யலாம் என்று பின்னோக்கிப் போகிறோம். நாளாந்த வீட்டு வாழ்க்கைக்கும் இதே முறை பொருந்தும். சுற்றாடலுக்கு உகந்தவை என்று விற்கப்படும் புதிய பொருள்களை வாங்கிக் குவிப்பதிலும் பார்க்க, வளவுக்குள் வருவதைக் குறைப்பதும் இரவலாகப் பெறுவதும் எண்ணிச் சமைப்பதும் கூடிய பலன் தருகின்றன என்பதே எங்கள் அனுபவம்.

முதலில் காலுக்குக் கீழே பார்க்கவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறுகூட மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கி நிற்கும் மழைநீரைத்தான். வலிகாமத்தில் சுன்னாகம் நீர்ப்படுகை, அதற்கு அப்பால் தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறைப் படுகைகள் என நான்கு முதன்மையான நிலத்தடி நீர்ப்படுகைகள் நம்மைத் தாங்குகின்றன. சுண்ணாம்புக்கல் மணலைப் போல வடிகட்டாது. மேலே விழுந்தது வெடிப்பு வழியே விரைவாகக் கீழே இறங்கும். தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியதும், பயிர்ச்செய்கைப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனம் குறிக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியதும் இதனாற்றான்.

இன்னொரு கணக்கையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான விதி. மோட்டரை மணிக்கணக்கில் ஓடவிட்டு மேலே 1 அடியைக் குறைத்தால், கீழேயிருந்து உவர் எவ்வளவு ஏறக்கூடும் என்பதை நீங்களே கணிக்கலாம். துலா மிதித்துக் கிணற்றுநீர் இறைத்த காலத்தில் இந்தக் கணக்கு தெரிந்திருக்கத் தேவையில்லை, ஏனெனில் மனிதனின் முழங்காலே அளவைக் காத்தது.

நாளாந்த வீடு: நான்கு வேலைகள்

முதல் வேலை, வீட்டுக்குள் வரும் பொலித்தீனைக் குறைப்பது. சந்தைக்குப் போகும் சைக்கிளில் ஒரு துணிப்பையும், மீனுக்கு மூடியுள்ள ஒரு பாத்திரமும் எப்போதும் கட்டியிருக்க வேண்டும். வீட்டில் மடித்து வைத்த பை ஒருபோதும் சந்தைக்குப் போய்ச் சேராது என்பதை நான் பலமுறை நிரூபித்திருக்கிறேன். எங்கள் பாட்டனார் மீன் வாங்கப் போனது உமலோடு. பனையோலையால் இழைத்த அந்தப் பையில் நீர் வடிந்துவிடும், மீன் வாடாது. பனங்கொட்டையின் காய்ந்த கோதை ஊமல் என்போம், அது அடுப்புக்கு. இளையவர்கள் இரண்டையும் மாற்றிச் சொல்வதைக் கேட்கும்போது, சொல்லுக்கு முன்னரே பொருள் வீட்டை விட்டுப் போய்விட்டது தெரிகிறது. உமல் இன்று எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் அதே வேலையைச் செய்யும், மீன்காரரும் முதல் நாள் வியப்பாகப் பார்த்துவிட்டு இரண்டாம் நாளிலிருந்து பழகிவிடுவார். பருப்பு, சீனி, மா போன்றவற்றைச் சிறு பொதிகளாக வாங்காமல், வீட்டுத் தகரங்களைக் கொண்டுபோய் நிறுத்துத் தரும் கடையில் மாதம் ஒருமுறை வாங்கலாம். குழந்தையுள்ள வீடுகளில் வெளியே போகும்போதும் இரவிலும் மட்டும் ஒருமுறை கட்டி எறியும் அணையாடையைப் பயன்படுத்தி, பகலில் பழைய பருத்திச் சேலைத் துணியைக் கட்டினால், குப்பையில் மிகப் பாரமான பகுதி ஒன்று பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

இரண்டாவது வேலை, பிரித்து வைத்தல். குசினிக் கழிவுக்கு ஒரு வாளி, காய்ந்த சுத்தமான பிளாஸ்ரிக்குக்கும் கடதாசிக்கும் ஒரு சாக்கு, கண்ணாடிக்கும் தகரத்துக்கும் ஒரு பெட்டி, பற்றரி, மின்குமிழ், காலாவதியான மருந்து போன்றவற்றுக்குப் பிள்ளைகளுக்கு எட்டாத ஒரு தகரம் என நான்கு இடங்கள் போதும். தயிர்க் கோப்பையையும் எண்ணெய்ப் போத்தலையும் கழுவிக் காயவைத்துப் போட்டால் மட்டுமே பழைய பொருள் வாங்குபவர் அவற்றை எடுப்பார். உங்கள் பிரதேச சபையோ மாநகர சபையோ எந்த நாளில் எந்த வகைக் குப்பையை எடுக்கிறது என்று ஒருமுறை நேரிற் கேட்டு, குசினிச் சுவரில் எழுதி ஒட்டிவிடவும்.

எரிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். முற்றம் கூட்டி மாலையில் சருகோடு சேர்த்துக் கொளுத்துவது நம்மிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சருகு எரிந்த காலத்தில் அது வெறும் புகை. இன்று அந்தக் குவியலுக்குள் சொப்பிங் பையும் பிவிசி துண்டும் கிடக்கின்றன. பிவிசி எரிந்தால் டயொக்சின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. பிளாஸ்ரிக் உட்படக் குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பது இலங்கையில் 2017 இலிருந்து சட்டப்படி தடைசெய்யப்பட்டுமுள்ளது. சருகைக்கூட எரிக்கத் தேவையில்லை, ஏனெனில் அடுத்த வேலைக்கு அதுதான் மூலப்பொருள்.

மூன்றாவது வேலை: கூட்டெரு

இதற்கு நான் கூடிய இடம் ஒதுக்குகிறேன், ஏனெனில் இது தவறாகச் செய்யப்படுவதுதான் அதிகம், முதலில் தவறாகச் செய்தவனும் நான்தான். கிடங்கு வெட்டி, நாள்தோறும் சோற்று மிச்சத்தையும் மரக்கறித் தோலையும் கொட்டினேன். பத்து நாளில் புழுவும் நாற்றமும் தாங்கவில்லை. இரண்டு பிழைகள் செய்திருந்தேன். ஈரமான கழிவு மட்டும் இருந்தது, காற்றுப் புகவில்லை. அதோடு, நம்முடைய மண்ணில் கிடங்கு வெட்டுவதே சரியான யோசனையன்று, ஏனெனில் வடியும் சாறு நேரே சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும்.

சரியான முறை இது. கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில், நிழலில், நிலத்துக்கு மேலே கம்பிவலையாலோ பனை மட்டையாலோ 3 அடி அகலத்தில் ஒரு வட்டக் கூடு அமைக்கவும். அடியில் முழங்கை உயரத்துக்குச் சுள்ளியும் பன்னாடையும் போட்டால் காற்று கீழிருந்து ஏறும். அதன்மேல் ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று வாளி காய்ந்த சருகு என்ற அளவில் மாறி மாறிப் பரப்பவும். பூவரசு, வேம்பு, மா என எந்தச் சருகும் பொருந்தும். இடையிடையே ஒரு கை ஆட்டெருவோ மாட்டெருவோ தூவினால் நுண்ணுயிர் விரைவாகப் பெருகும். ஈரம், பிழிந்த துணி அளவுக்கு இருந்தால் போதும். மீன்தலை, எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி ஆகியவற்றைப் போடக் கூடாது. பொச்சுமட்டையைக் கூட்டுக்குள் போட்டால் ஆண்டுகள் ஆகும், ஆகையால் அதைத் தென்னையின் அடியில் குழி வெட்டி, நார்ப்பக்கம் மேலே இருக்கப் பரப்பி மூடினால் கோடையில் ஈரம் காக்கும்.

ஒரு வாரத்தின் பின் குவியலின் நடுவே அலவாங்கைக் குத்தி, சிறிது நேரம் விட்டு இழுத்து, முனையைத் தொட்டுப் பார்க்கவும். கை வைக்க முடியாதபடி சுட்டால் வேலை நடக்கிறது என்று பொருள். குளிர்ந்திருந்தால் ஈரமோ எருவோ போதாது. நாறினால் சருகு போதாது. இரு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவர, ஏறத்தாழ மூன்று மாதத்தில் கருமையான, மழை விழுந்த மண்ணைப் போல மணக்கும் எரு கிடைக்கும். மாரியில் கிடுகு போட்டு மூடாவிட்டால் சத்தெல்லாம் கரைந்து கிணற்றுக்குப் போய்விடும். கூட்டின் அருகில் சிரட்டை, யோகட் கோப்பை போன்றவற்றில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. மாரி மழையோடுதான் இங்கே டெங்கு பெருகும்.

நான்காவது வேலை: தண்ணீர்

குளிக்கும் தண்ணீரை வாழைக்கும் கமுகுக்கும் வாய்க்கால் வெட்டி விடுவது நம் கிணற்றடிகளின் பழைய ஒழுங்கு. புதிய வீடுகளில் குளியலறை உள்ளே போனபோது அந்தத் தண்ணீர் குழிக்குள் போய்விட்டது. வீடு கட்டுபவர்கள் குளியலறைக் குழாயையும் மலசலகூடக் குழாயையும் வேறு வேறாக வைக்குமாறு மேசனிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். பின்னர் மாற்றுவது பெருஞ்செலவு. எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீரை மட்டும் கிணற்றடி வாழைக்கு விடாமல் வேறு பக்கம் விடவும்.

கூரை மழைநீரைச் சேர்ப்பதன் பயனைக் கணக்கிலேயே பார்க்கலாம். 1,000 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 93 சதுர மீற்றர். அதன்மேல் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,300 லீற்றருக்கு மேல் விழும். ஐந்திலொரு பங்கு வீணானாலும் 1,800 லீற்றருக்கு மேல் மிஞ்சும். இது ஒரு மழைக்கு மட்டும். கூரை விளிம்பில் தண்ணீர் வடியும் பீலி பொருத்தி, பருவத்தின் முதல் மழையைத் தூசியும் காக்கை எச்சமும் கழுவிப் போக வெளியே விட்டு, அடுத்த மழையிலிருந்து தாங்கிக்குத் திருப்பவும். தாங்கியின் எல்லா வாய்க்கும் நுளம்பு புகாத வலை கட்டப்பட்டிருக்க வேண்டும். தாங்கிக்குப் பணமில்லாதவர்கள் கல், சல்லி, மணல் என அடுக்கிய ஒரு சிறு குழிக்குள் தண்ணீரை விட்டு நிலத்துக்குள் இறக்கலாம். ஆனால் கூரைத் தண்ணீரை வடிகட்டாமல் நேரே கிணற்றுக்குள் விடுவதும், மலசலகூடக் குழிக்கோ மாட்டுத்தொழுவத்துக்கோ அருகில் அந்தக் குழியை வெட்டுவதும் கூடா. தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்ட நிலையத்தில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்க எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதை எண்ணினால், கூரையில் சும்மா விழும் நன்னீரை ஒழுங்கைக்கு ஓடவிடுவது மனத்தை உறுத்தும்.

மின்சாரத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 60 வாற்றுக் குண்டுமின்குமிழ் தரும் ஒளியை ஏறத்தாழ 9 வாற்று எல்ஈடி தருகிறது. தாங்கி நிரம்பி வழியும்வரை மோட்டரை மறந்துவிடாமல் இருப்பதே எங்கள் வீட்டில் மிகப் பெரிய மின்சேமிப்பாக அமைந்தது.

விசேடம்: ஆறு மாதத்துக்கு முன்னரும் மூன்று நாளுக்கு முன்னரும்

கலியாணமோ சாமத்தியமோ புதுவீடு குடிபூரலோ, மண்டபத்துக்கு முற்பணம் கொடுக்கும் நாளே முக்கியமான நாள். பல இடங்களில் தண்ணீர்ப் போத்தல், லஞ்ச் சீற், மணவறையின் ரெஜிபோம் வேலைப்பாடு எல்லாம் ஒரே தொகைக்குள் அடங்கியே வருகின்றன. பணம் கைமாறிய பின் எதையும் கழிக்க முடியாது. ஆகவே எவை வேண்டாம் என்பதை அன்றே எழுத்தில் கொடுத்து, அதற்குரிய தொகையையும் குறைக்கச் சொல்ல வேண்டும். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017 செப்ரெம்பர் 1 இலிருந்து பொலித்தீன் லஞ்ச் சீற், ரெஜிபோம் உணவுப் பெட்டி, அலங்காரத்துக்கான பொலித்தீன் ஆகியவை தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்ரோபர் 1 இலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்ரிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழாய் ஆகியவற்றோடு பிளாஸ்ரிக் மாலைகளும் இடியப்பத் தட்டுகளும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. இடியப்பத் தட்டு அந்தப் பட்டியலில் வந்ததைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஈர்க்கிலும் பிரம்பிலும் பின்னிய தட்டில் இடியப்பம் அவித்த ஊரில் பிளாஸ்ரிக் தட்டு வந்தேறியதே அண்மைக்காலத்தில்தான்.

அடுத்தது எண்ணிக்கை. நம்மிடையே வருகையை எழுத்தில் உறுதிப்படுத்தும் பழக்கம் இல்லை, வீடு வீடாகப் போய்ச் சொல்வதுதான் முறை. அந்த முறையை மாற்ற வேண்டியதில்லை. சொல்லப் போகும் கொப்பியில் வீட்டுப் பெயருக்கு எதிரே இரண்டு கட்டம் வரைந்து, சாப்பாட்டுக்கு வரக்கூடியவர் எத்தனை, முகம் காட்டிவிட்டுப் போகக்கூடியவர் எத்தனை என்று போய் வந்த அன்றிரவே குறித்துக்கொள்ளவும். மூன்று நாளுக்கு முன்னர், “அக்கா, பிள்ளைகளும் வருவினந்தானே, பாய் விரிக்க இடம் பார்க்கிறம்” என்று தொலைபேசியில் ஒரு கதை கதைத்தால், எத்தனை பேர் என்று கேட்டதாகவே அவர்களுக்குத் தோன்றாது, எண்ணிக்கை மட்டும் கைக்கு வந்துவிடும்.

எங்கள் சடங்கில் 400 பேருக்குச் சொல்லி, குறைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் 550 பேருக்குச் சமைத்தோம். வந்தவர்கள் 400க்கும் குறைவு. இந்தப் பயம் பண்பிலிருந்து வருவது, அதைப் பழிப்பதில் பயனில்லை. அதற்குப் பதிலாகச் சமையலைப் பகுதியாக்கலாம். கறிகளை முழு எண்ணிக்கைக்கும், சோற்றை முக்காற்பங்குக்கும் முதலில் ஆக்கி, கடைசிக் கிடாரத்தின் அரிசியைக் கழுவித் தயாராக வைத்து, பந்தி பாதி எழும்பும்போது தேவை பார்த்து உலையில் இட வேண்டும். சோறு ஆக அரைமணியும் சற்று மேலுந்தான் செல்லும். ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு, உங்கள் சமையற்காரர் வேறு கணக்கு வைத்திருந்தால் அவர் சொல்வதைக் கேட்கவும். பத்துக் கறி வைத்துத் தட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மிஞ்சுவதிலும் பார்க்க, ஆறு கறியைக் கேட்டுக் கேட்டுப் பரிமாறுவது வந்தவருக்கும் மரியாதை. தாங்களே எடுத்துச் சாப்பிடும் முறையில் கண்ணே அளக்கிறது, பந்தியில் பரிமாறுபவரின் கை அளக்கிறது. இலையில் மிஞ்சும் அளவு இரண்டிலும் ஒன்றாக இருந்து நான் கண்டதில்லை.

மிஞ்சியது எங்கே போகும் என்பதையும் முன்னரே முடிவு செய்யவும். முதியோர் இல்லத்துக்கோ சிறுவர் இல்லத்துக்கோ கொடுப்பதாயின் முதல் நாளே அவர்களிடம் பேசி, எத்தனை மணிக்கு முன்னர் கொடுத்தால் ஏற்பார்கள் என்று அறிந்து, பந்திக்கு வராத கிடாரத்திலிருந்து சூடாகவே எடுத்துக் கொடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் புளிக்கத் தொடங்கிய சோற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது தானமாகாது.

இலை, தண்ணீர், பலகாரம்

சாப்பாட்டுக்கு வாழையிலையே போதும். நீர்வேலிப் பக்கத்து வாழைத்தோட்டங்களில் ஒரு வாரம் முன்னரே சொல்லி வைத்தால் தேவையான இலை கிடைக்கும். தட்டின்மேல் இலை வைப்பதானால் இலையை மட்டும் வைக்க வேண்டும். இலை வடிவில் அச்சிட்ட தாளும், அதற்குக் கீழே இன்னொரு பொலித்தீனும் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மக்கக்கூடியது என்று எழுதிய கோப்பைகளையும் தட்டுகளையும் கண்டு ஏமாறவும் வேண்டாம். அவற்றுட் சில வகைகள் தொழிற்சாலைக் கூட்டெருக் குவியலில் நீண்ட நாள் தொடரும் 60 பாகை செல்சியசை அண்டிய வெப்பத்திலேயே மக்கும். நமது வளவுக் கூட்டில் அவை அடுத்த சித்திரை வரையும் கோப்பையாகவே கிடக்கும்.

தண்ணீர்தான் பெருங்குவியல். 300 பேருக்கு ஆளுக்கு இரண்டு சிறு போத்தல் என்றால் 600 போத்தல்கள், அவற்றுட் பாதி பாதியளவு குடித்தவை. பதிலாக 20 லீற்றர் கொள்கலன்களும் எவர்சில்வர் டம்ளர்களும் வைக்கலாம். 300 பேருக்கு 300 டம்ளர் தேவையில்லை. ஒரு பந்தியில் 100 பேர் இருந்தால், கழுவும் சுற்றையும் சேர்த்து 150 போதும். கழுவும் இடத்தில் மூன்று பெரிய சருவங்கள் வைத்து, முதலாவதில் சவர்க்காரம், இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் கொதிநீர் என ஒழுங்குபடுத்தி, பெரியவர் ஒருவரைப் பொறுப்பாக நிறுத்தினால் சுத்தம் பற்றி யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே கறுத்துக் கிடக்கும் மூக்குப்பேணியை (மூக்குள்ள பழைய குடிபாத்திரத்தை) புளி போட்டுத் துலக்கி மாப்பிள்ளை வீட்டாருக்கு அதில் தண்ணீர் கொடுத்தால், படம் எடுக்காதவர் இருக்கமாட்டார்.

கதிரை, கிடாரம் வாடகைக்குக் கொடுக்கும் சனசமூக நிலையங்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. உங்கள் நிலையத்தில் 150 டம்ளரும் 150 தட்டும் இல்லையென்றால், உங்கள் வீட்டு விசேடத்துக்கு வாங்கி, முடிந்தபின் நிலையத்துக்கே கொடுத்துவிடுவது நல்ல வழி. போத்தல் தண்ணீருக்கு ஒதுக்கிய பணத்தில் கணிசமான பகுதி அதற்குப் போதுமானது, அடுத்த வீட்டுக் கலியாணத்துக்கும் அது உதவும்.

அரியதரமும் பயற்றம்பணியாரமும் முறுக்கும் இட்டு விருந்தினரிடம் கொடுத்தனுப்பும் பலகாரத்துக்குப் பிளாஸ்ரிக் பெட்டிக்குப் பதிலாக, பனங்கட்டிக் குட்டான் போன்ற சிறு ஓலைப்பெட்டிகள் அழகாயிருக்கும். இழைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து செய்யும் பெண்கள். 300 பெட்டிக்கு ஒரு வாரம் முன்னர் சொன்னால் நடக்காது, இரண்டு மாதமாவது கொடுத்து, பாதிப் பணத்தை முன்னரே கொடுக்கவும். 1978 இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையிடமும் விசாரிக்கலாம். எண்ணெய்ப் பலகாரம் ஓலையில் ஊறும், ஆகையால் நெருப்பில் வாட்டிய வாழையிலையை உள்ளே வைக்கவும். முதல் நாள் இரவே நிரப்பி வைத்தால் எறும்பு முந்திக்கொள்ளும்.

அலங்காரம்

வாழைமரம், நிறைகுடம், மாவிலை, தென்னங்குருத்துத் தோரணம், கமுகம்பாளை, பாக்குக்குலை, நுங்குக்குலை ஆகியவற்றால் ஒரு வாசலை நிறைத்துவிடலாம். அவை யாவும் மறுநாள் ஆட்டுக்கோ கூட்டெருவுக்கோ போகும். கிடுகுப் பந்தல் தகரப் பந்தலிலும் குளிர்ச்சியானது என்பதை வெயிலில் இருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். தோரணம் பின்னத் தெரிந்த முதியவர் ஒருவரை முதல் நாள் மாலையில் அழைத்து, பிள்ளைகளைச் சுற்றி இருத்தினால் அலங்காரச் செலவு ஒரு தேநீரோடும் வடையோடும் முடியும். மாலையைப் பருத்தி நூலில் கட்டச் சொல்லவும், மினுக்கத்தூள் தூவிய பூ எருவாகாது. பிறந்தநாளுக்கு ஊதுபை தொங்கவிடுவதற்குப் பதிலாகச் சேலைகளைத் திரையாகக் கட்டலாம். படத்தில் அது நன்றாகவே விழும்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆடி, ஆவணியில் வரும் உறவுகளே பெரும்பாலும் பெரிய அலங்காரத்துக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களிடம் வேண்டாம் என்றால் மனம் நோகும். “சித்தப்பா, பந்தலை ஓலையில் போடுறம், அந்தக் காசுக்குச் சனசமூக நிலையத்துக்குப் பாத்திரம் எடுப்பம், உங்கட பெயரில் இருக்கட்டும்” என்று கேட்டுப் பார்க்கவும். எங்கள் வீட்டில் அந்த வேண்டுகோள் ஒருமுறைகூட மறுக்கப்படவில்லை.

நினைவுப் பரிசாக மரக்கன்று கொடுப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொடுங்கள், மழை அதை வளர்க்கும். பங்குனி, சித்திரையில் கொடுத்தால் பெரும்பாலானவை கறுப்புப் பொலித்தீன் பைக்குள்ளேயே காய்ந்துவிடும். அக்காலத்தில் கொடுப்பதானால் விதை கொடுக்கலாம், முருங்கை, பூசணி, வெண்டி என எதுவும் பொருந்தும்.

கோயில், பொங்கல், ஆடிப்பிறப்பு, அந்தியேட்டி

நல்லூர் கந்தனின் 25 நாள் திருவிழாக் காலத்திலும் ஊர்க் கோயில் திருவிழாக்களிலும் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர்கள் கோப்பைகளைத்தான் முதலில் மாற்ற வேண்டும். சங்கிலியில் கட்டிய செம்பிலிருந்து கையில் ஊற்றிக் குடித்த காலமும் இருந்தது. இன்று வருபவர்களைத் தம்முடைய போத்தலைக் கொண்டுவரச் சொல்லி நிரப்பிக் கொடுப்பதும், கைவசம் டம்ளர்களும் கழுவ இரண்டு பேரும் வைத்திருப்பதும் நடைமுறைக்கு ஒத்து வருகின்றன. அருச்சனைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ ஆகியவை பொலித்தீனால் சுற்றப்படாமலே கோயிலுக்கு வரலாம். வீட்டிலிருந்து ஒரு சிறு ஓலைப்பெட்டியில் கொண்டு போனால் கடைப்பையும் தேவைப்படாது.

தைப்பொங்கல் ஏற்கெனவே குப்பை குறைந்த நாள். மண்பானை, அரிசிமாக் கோலம், காய்ந்த பாளை, கங்குமட்டை, ஊமல் என யாவும் வளவுப் பொருள்கள். கெடுப்பது பட்டாசும் பளபளக்கும் பொலித்தீன் தோரணமுந்தான்.

ஆடிப்பிறப்புக் கூழுக்குப் பலாவிலை கோலும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கவும். அகலமான, முற்றிய பச்சை இலை ஒன்றைக் கழுவி, காம்புப் பக்கத்தை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டிக் கூம்பாக்கி, தென்னை ஈர்க்குத் துண்டு ஒன்றை உள்ளே குத்தி வெளியே எடுத்தால், கரண்டியாகவும் கோப்பையாகவும் ஒரு பொருள் கையில் நிற்கும். முதல் இலை ஒழுகும், மூன்றாவது இலையிலிருந்து ஒழுகாது. குடித்து முடிந்ததும் ஆட்டுக்குப் போட்டால் அது ஈர்க்கை மட்டும் விட்டுவிட்டுத் தின்றுவிடும், ஆகவே ஈர்க்கைக் கழற்றிப் போடுவது நல்லது.

இழவு வீட்டில் யாரும் குப்பையைப் பற்றிப் பேச விரும்பமாட்டார்கள், அது இயல்பே. ஆனாலும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் சந்திக்குச் சந்தி கட்டப்பட்டு, மாதக்கணக்கில் கிழிந்து தொங்குவது இறந்தவருக்கும் மரியாதையாகாது. பிளெக்ஸ் எனப்படும் அந்தத் துணி பெரும்பாலும் பிவிசி பூசியது, மக்காது, எரிக்கவும் கூடாது. குடும்பத்தார் ஒரு பதாகையோடு நிறுத்தி, எட்டுச்செலவுச் சடங்கன்று அதை அவிழ்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தால் போதும். படமில்லாத மறுபக்கம் மேலே இருக்க, விறகுக்கோ கூட்டெருக் கூட்டுக்கோ மாரியில் மூடியாகப் பயன்படுத்தலாம். 31 ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிடும், கல்வெட்டு எனப்படும் நினைவுப் புத்தகங்களை ஆள் கணக்கில் அல்லாமல் வீட்டுக் கணக்கில் அச்சிடவும். கீரிமலையில் அஸ்தி கரைக்கப் போகும்போது மண்குடத்தையும் பூவையும் மட்டும் கொண்டு போய், சுற்றி வந்த பொலித்தீனைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

விசேடத்தின் மறுநாள்

காலையில் எழுந்தவுடன், கூட்டிப் பெருக்குவதற்கு முன்னர், கொப்பியோடு ஒருவர் வளவைச் சுற்றி வரவும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கிலோ அரிசி வெந்தது, எந்தக் கறி மிஞ்சியது, எத்தனை இலை தேவைப்பட்டது, டம்ளர் எத்தனை குறைந்தது, எந்தப் பிளாஸ்ரிக் எங்கள் திட்டத்தையும் மீறி எந்த வழியால் வந்தது என்று எழுதவும். எங்கள் கொப்பியின் அண்மைய பக்கத்தில், “ஐஸ்கிறீம் கோப்பை 280, மண்டபத்தார் கொண்டு வந்தது, முற்பண நாளில் கேட்க மறந்துபோனோம்” என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் அடுத்த ஆவணியில் மச்சாள் வீட்டுக் கலியாணத்துக்கு மண்டபம் பேசப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போக இருக்கிறோம்.